குற்றவாளி இல்லாத துயரம்

கைக்கடிகாரம் காணவில்லை!

எண்பது வயதை எட்டிய முதியவர் பதறுகிறார். தேடுகிறார். கிடைக்கவில்லை. உடனே ஒரு பெயரைச் சொல்கிறார்: தம்மைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெண் எடுத்துக்கொண்டாள், அவள் திருடி! மகள் பொறுமையாக நினைவூட்டுகிறாள், குளியலறையில் அவர் வழக்கமாகப் பொருள்களை ஒளித்துவைக்கும் இடம் ஒன்று உண்டு என்று. போகிறார்; கடிகாரத்துடன் திரும்புகிறார். களவு நடக்கவில்லை என்பது கையிலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஆயினும் ஐயம் அகலவில்லை.

இந்தக் காட்சியில் தொடங்குகிறது நாம் ஆராய எடுத்துக்கொண்ட படம். ஃபிளோரியான் ஸெல்லர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 2012-ஆம் ஆண்டில் பாரிஸ் மேடைக்கு அளித்த 'தந்தை' என்ற நாடகம் அதன் மூலம். கிறிஸ்டபர் ஹாம்ப்டன் அதனை ஆங்கிலமாக்கினார். பின்னர் இருவரும் சேர்ந்து திரைக்கதை தீட்ட, ஸெல்லரே இயக்க, 2020-இல் 'தி ஃபாதர்' என்ற பெயருடன் படம் வெளிவந்தது. தந்தையாக நடித்த ஆண்டனி ஹாப்கின்ஸ் 2021-இல் ஆஸ்கர் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 83. சிறந்த நடிகருக்கான அந்தப் பரிசை அத்தனை வயதில் பெற்றவர் அதற்குமுன் எவரும் இலர்.

பரிசுகளை எண்ணிப் பாராட்டுவதற்காக நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. மனிதனின் துன்பத்துக்குக் காரணம் என்ன என்று கேட்பவர்கள் நாம். கலையும் அந்தக் கேள்வியைக் கேட்கிறதா, கேட்டால் நேர்மையாகக் கேட்கிறதா, அல்லது வழக்கமான பதிலை வாயில் திணித்து வழியனுப்பி வைக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை. அந்தக் கடமையின் அளவுகோலைக் கொண்டே இந்தப் படத்தை அளக்கிறோம்.

முதியவர் மதி மயங்கும் கதை புதியதன்று. ஷேக்ஸ்பியர் தந்த லியர் மன்னனை அறியாதார் யார்? 1606-இல் இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பட்ட நாடகம் அது. முடியைத் துறக்கிறான், நாட்டைப் பங்கிடுகிறான், மெய்யன்பு கொண்ட இளைய மகளை விரட்டுகிறான், இனிக்கப் பேசிய மூத்த மகளிர் இருவரிடம் அடைக்கலம் தேடுகிறான். அவர்கள் துரத்துகிறார்கள்; புயல் அடிக்கிறது; மன்னன் பித்தனாகிறான். ஏன் பித்தனானான்? மகள்கள் செய்த கொடுமையால்! குற்றவாளிகள் மேடையிலேயே நிற்கிறார்கள். நாம் அவர்களைச் சபிக்கிறோம்; சபித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறோம்.

ஆனால் ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். கொடுமை தொடங்குவதற்கு முன்பே, முதற்காட்சியிலேயே, லியரின் தீர்ப்பு தடுமாறுகிறது. காரணமற்ற சினம் கொப்புளிக்கிறது. மூப்பு அவனை மாற்றிவிட்டது என்று மூத்த மகளிர் தமக்குள் பேசிக்கொள்ளவும் செய்கிறார்கள். மாபெரும் புலவன் அந்த நுணுக்கத்தைக் கண்டுவிட்டான். எனினும் நாடகம் அந்த வழியே நடக்கவில்லை. துன்பம் என்றால் துன்புறுத்தியவர் ஒருவர் இருந்தாகவேண்டும் என்பது உலகத்தின் பழைய பாடம். ஒன்று விதி, இல்லையேல் தெய்வத்தின் சினம், அதுவும் இல்லையேல் நன்றி கெட்ட பிள்ளை!

ஸெல்லர் அந்தப் பாடத்தை ஒப்பவில்லை. அவர் படைத்த ஆன் என்னும் மகள் கொடியவள் அல்லள். அவள் சமைக்கிறாள், பொறுக்கிறாள், அழுகிறாள், அழுததை மறைக்கிறாள். அப்படிப்பட்டவள் இருந்தும் தந்தை சிதைகிறார். அன்பு இருந்தது, ஆனாலும் அறிவு அழிந்தது. குற்றவாளி எங்கே? இல்லை! இதுவே இந்தப் படைப்பின் புதுமை. இதுவே இதன் பகுத்தறிவு.

குற்றவாளி இல்லாத இடத்திலும் குற்றவாளியைத் தேடும் பழக்கம் என்ன செய்யும் என்பதை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை, வீட்டில் கண்டோம்.

நம் பாட்டியாரின் சுருக்குப்பை அடிக்கடி காணாமல் போகும். மருமகள் எடுத்துவிட்டாள் என்பார். தவிட்டுப் பானைக்குள்ளிருந்து அதனை நம் தாயார் எடுத்துக் கொடுப்பார். எடுத்துக் கொடுத்ததே திருடியதற்குச் சான்றாகிவிடும். உண்டு கைகழுவிய ஈரம் உலருமுன், திண்ணையில் அமர்ந்து, போவோர் வருவோரிடம், "இரண்டு நாளாய்ச் சோறு போடவில்லை" என்பார். ஊர் கேட்டது, ஊர் நம்பியது. குறி சொல்பவர் வந்தார், செய்வினை என்றார், எலுமிச்சம்பழமும் தாயத்தும் வந்தன, பணம் போயிற்று. சொந்த வீட்டின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "வீட்டுக்குப் போகணும், என்னைக் கூட்டிப் போ" என்று அந்தி வேளைகளில் பாட்டியார் அழுவார். இப்படி மூன்று ஆண்டுகள்.

இதில் மறைக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. அப்போது நமக்குப் பதினைந்து வயது. ஒரு நாள் நாமும் கேட்டோம், "பாட்டிக்குச் சோறு போட்டியாம்மா?" என்று. தாயார் பதில் சொல்லவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டார்.

ஆண்டுகள் பல கழித்து இந்தப் படத்தில் கடிகாரக் காட்சியைக் கண்டபோது நாம் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இலண்டன் மாநகரின் மாடி வீட்டுக் கனவானும் நம் சிற்றூர்ப் பாட்டியாரும் ஒரே குற்றச்சாட்டைச் சொல்கிறார்களே! செய்வினை கடல் கடந்து வேலை செய்கிறதோ? இல்லை. இருவர் மண்டைக்குள்ளும் இருப்பது ஒரே வகை உறுப்பு. அந்த உறுப்பு பழுதாகும் விதமும் ஒத்திருக்கிறது.

ஜெர்மனி நாட்டில், பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில், 1901-ஆம் ஆண்டு அகஸ்டே டேட்டர் என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். வயது 51 மட்டுமே. அவரிடம் முதலில் தென்பட்ட கோளாறு மறதிகூட அன்று. கணவர்மீது காரணமற்ற ஐயம்! பின்னர் நினைவு சிதைந்தது, சொல் சிதைந்தது. 1906-இல் அவர் மறைந்தபின், அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவர் மூளையை நுண்ணோக்கியில் வைத்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த கசடுகளையும், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். அவ்வாண்டே அறிஞர் அவையில் அறிவித்தார். தாயத்து தேடிய இடத்தில் அறிவியல் தடயம் தேடியது, கண்டும் பிடித்தது.

ஆயினும் கேள்வி ஒன்று எஞ்சியது. கசடு மூளையின் சில இடங்களில்தானே படிகிறது? நினைவு, இடம், காலம், முகம், 'நான்' என்னும் உணர்வு, இவையெல்லாம் ஏன் சேர்ந்து சரிகின்றன? விடை, அண்மைக் காலத்தில்தான் தெளிவாகத் தொடங்கியது. மூளை தனித்தனி அறைகள் கொண்ட கிடங்கு அன்று. அது பாதைகளால் இணைந்த வலைப்பின்னல்.

எம்.ஆர்.ஐ. கருவி, மூளையில் எங்கே உயிர்வளி நிறைந்த குருதி மிகுதியாகப் பாய்கிறது என்பதைக் காட்டவல்லது. 1995-இல் பரத் பிஸ்வால் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் ஒரு வியப்பை வெளியிட்டனர். ஒருவர் அசையாமல், எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்கும்போதும், கைகளை இயக்கும் இடமூளைப் பகுதியும் வலமூளைப் பகுதியும் ஒன்றோடொன்று இசைந்து ஏறி இறங்கின. தொலைவில் இருந்தாலும் அவை பேசிக்கொண்டே இருந்தன! இப்படி இசைந்து இயங்கும் பகுதிகளின் கூட்டத்தையே செயல்வலை என்கிறோம். பார்வைக்கு ஒன்று, இயக்கத்துக்கு ஒன்று, கவனத்துக்கு ஒன்று எனப் பல வலைகள்.

2001-இல் மார்க்கஸ் ரெய்க்லும் அவர்தம் குழுவினரும் இன்னொன்றை எடுத்துரைத்தனர். நாம் புறவேலையில் ஈடுபடும்போது அடங்கி, சும்மா இருக்கும்போது எழுந்து இயங்கும் பகுதிகள் சில உண்டு. நெற்றிக்குப் பின்னே ஒன்று, மூளையின் நடுவே பின்புறம் ஒன்று, காதுகளுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்று. இவை சேர்ந்த வலைக்கு இயல்புநிலை வலை என்று பெயர் கூறலாம். சும்மா இருக்கும்போது நாம் உண்மையில் சும்மா இருப்பதில்லை. நேற்றை நினைக்கிறோம், நாளையை எண்ணுகிறோம், பிறர் மனத்தில் என்ன இருக்கும் என்று கணிக்கிறோம், "நான் இன்னார், இங்கே இருக்கிறேன்" என்ற கதையைத் தொடர்ந்து நெய்கிறோம். அந்த நெசவில் பெரும்பங்கு இந்த வலைக்கு உண்டு. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியும் இதனுடன் நெருங்கிய தொடர்பு கொண்டது.

மூப்பு வந்தால் இந்த வலைகளுக்கு என்ன ஆகிறது? நோய் வந்தால் என்ன ஆகிறது? இரண்டும் ஒன்றா? இங்கேதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

நாம் பாடம் நடத்தும் பள்ளியில் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு தட்டி உண்டு. தட்டி நன்றாக இருந்தவரை அங்கே கணக்கு, இங்கே தமிழ். தட்டி நைந்தபின் வாய்ப்பாட்டுக் கூச்சல் செய்யுள் பாடத்துக்குள் நுழைகிறது. பாடம் நின்றுவிடவில்லை, ஆசிரியர் சற்று உரக்கப் பேசவேண்டும், மாணவர் சற்று ஊன்றிக் கேட்கவேண்டும், அவ்வளவே. நலமான மூப்பில் நடப்பது ஏறக்குறைய இதுதான். இருபது வயதினர் முதல் எண்பது கடந்தோர் வரை நோயற்றவர்களை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வயது ஏற ஏற வலைகளுக்கு இடையே உள்ள பிரிவு குறைந்து அவை ஒன்றோடொன்று கலக்கின்றன என்று காட்டிற்று. பெயர் நாவின் நுனியில் நின்று வர மறுக்கிறது; இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்வது கடினமாகிறது. இது மூப்பு. இது நோயன்று.

நோய் வேறு. விழுப்புரம் சந்திப்பை எண்ணிப் பாருங்கள். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுவை என்று பல திசைகளின் இருப்புப்பாதைகள் அங்கே கூடுகின்றன. ஏதோ ஒரு சிற்றூர் நிலையம் பழுதானால் அந்த ஊரார்க்குத் தொல்லை. சந்திப்பு பழுதானால் தெற்கும் வடக்கும் தவிக்கும். இயல்புநிலை வலையின் பின்நடுப் பகுதி மூளையின் இத்தகைய சந்திப்புகளுள் ஒன்று. அல்சைமர் நோயின் கசடு தொடக்கத்திலேயே படியும் இடங்களுள் அதுவும் உண்டு. 2004-இல் மைக்கேல் கிரைசியஸ் குழுவினர், நோயுற்றோரையும் அதே வயதுடைய நலமுள்ள முதியோரையும் ஒப்பிட்டனர். நோயுற்றோரிடம் அந்தப் பின்நடுப் பகுதியும் ஹிப்போகாம்பஸும் வலையோடு இசைந்து இயங்கும் ஆற்றல் குன்றியிருந்தது. நலமுள்ள முதியோரிடம் அப்படி இல்லை. ஒரே வயது, ஆனால் இருவேறு மூளைகள்! வயதுதான் காரணம் என்ற வாதம் அங்கே வீழ்ந்தது.

2009-இல் வில்லியம் சீலி குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். மூளையைத் தேய்க்கும் ஐந்து வகை நோய்களை எடுத்து, ஒவ்வொன்றும் நலமான மூளையில் உள்ள ஒவ்வொரு வலையின் வடிவத்தையே பின்பற்றித் தாக்குகிறது என்று காட்டினர். அல்சைமர் நோய் இயல்புநிலை வலையைப் பற்றுகிறது. மற்றொரு வகை, எது முக்கியம் என்று உணர்த்தும் வலையைப் பற்றுகிறது. அந்த நோயாளிக்கு நினைவு இருக்கும்போதே நாணமும் இரக்கமும் போய்விடும். "கிழவருக்குக் கெட்ட புத்தி" என்று ஊர் தூற்றும். புத்தி கெடவில்லை, பாதை கெட்டது.

இந்த அறிவோடு மீண்டும் படத்துக்கு வருவோம். சிலர் இந்தப் படத்தைக் குழப்பம் என்றனர். மகள் ஒரு காட்சியில் ஒரு முகத்துடன் வருகிறாள், மறு காட்சியில் வேறு நடிகை அவள் பெயரில் வருகிறாள். முன்பின் கண்டிராத ஆடவன் கூடத்தில் உட்கார்ந்து, இது என் வீடு என்கிறான். அறையின் அமைப்பு அப்படியே இருக்கிறது. நாற்காலியும் சுவரும் மெல்ல மாறுகின்றன. இரவு உணவு வேளையில் ஒரே பேச்சு மறுபடி வருகிறது. இது இயக்குநரின் விளையாட்டு அன்று. முகத்தைப் பெயரோடும், பெயரை இடத்தோடும், இடத்தை நேற்றோடும் பிணைக்கும் பாதைகள் அறுந்தால் உலகம் இப்படித்தான் தோன்றும். கூடத்தில் அமர்ந்து "வீட்டுக்குப் போகணும்" என்ற நம் பாட்டியார் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த வீட்டுக்கும் அவர் அமர்ந்த கூடத்துக்கும் இடையே பாதை இல்லை. சோறு உண்டதும் பொய்யன்று, உண்ணவில்லை என்றதும் பொய்யன்று, உண்டது பதியவில்லை. பை காணவில்லை, தானே வைத்த நினைவும் இல்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும்! பழுதான மூளையும் காரணம் தேடுகிறது. தகவல் இன்றித் தேடுவதால் அருகில் இருப்பவரைப் பிடிக்கிறது. அருகில் இருப்பவர் யார்? சோறு போடுபவர்தான்.

லியரைப் புயலில் நிறுத்தி நம்மை வெளியிலிருந்து பார்க்கவைத்தார் ஷேக்ஸ்பியர். ஸெல்லர் நம்மை முதியவரின் மண்டைக்குள் அமரவைத்தார். வெளியிலிருந்து பார்த்தவர்க்கு இரக்கம் பிறக்கும். உள்ளிருந்து பார்த்தவர்க்கு விளக்கமும் பிறக்கிறது. இந்த வகையில் இது லியருக்குப் பக்கத்தில் வைத்துப் பேசத்தக்க படைப்பு.

இனி, குறைகளைக் கூறாமல் விடுவது திறனாய்வு ஆகாது.

முதற் குறை: ஆன் ஏன் தனியாக நிற்கிறாள்? மறதி நோயுற்றோரைக் கவனிப்பதில் செலவாகும் நேரத்தில் 70 விழுக்காட்டைத் தருபவர்கள் பெண்களே என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. மகள் இல்லையேல் மருமகள், மருமகள் இல்லையேல் கூலிக்கு வந்த பெண். படத்திலும் அப்படியே. ஆனால் படம் அதைக் காட்டுகிறதேயன்றிக் கேட்கவில்லை. ஆனின் கண்ணீரைக் காட்டிய கலைஞர், அவள்மீது அந்தச் சுமையை ஏற்றிய சமுதாயத்தின் பக்கம் ஒளியைத் திருப்பவில்லை. குற்றவாளி இல்லை என்பது நோய்க்குப் பொருந்தும். சுமைப் பங்கீட்டுக்குப் பொருந்தாது.

இரண்டாவது குறை: படத்தின் முதியவர் படித்தவர், பொறியாளராய் இருந்தவர். மாடி வீடு, இசைத்தட்டு, இறுதியில் ஒழுங்கான காப்பகம். இந்த நோய் அப்படிப்பட்டவர்களை மட்டும் தேடி வருவதில்லை. 2021-இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் மக்கள் இத்துன்பத்தில் இருந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் செல்வம் குன்றிய நாடுகளில் வாழ்வோர். 2023-இல் வெளியான இந்தியக் கணக்கெடுப்பு, அறுபது வயது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நிலை உண்டு என்று மதிப்பிட்டது. யாரிடம் மிகுதி? பெண்களிடம், சிற்றூராரிடம், பள்ளிப் படிப்பு மறுக்கப்பட்டோரிடம்!

பள்ளிப் படிப்பு என்ற சொல்லில் நாம் சற்று நிற்கிறோம்; ஆசிரியர் என்பதால் மட்டும் அன்று. மறதி நோய் பற்றி 'லான்செட்' மருத்துவ ஏடு அமைத்த குழு 2024-இல் 14 காரணிகளை எடுத்துக்காட்டி, அவற்றைக் களைந்தால் ஏறத்தாழ 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. இளமையில் கல்வி இன்மை, செவித்திறன் குறைவு, குருதி அழுத்தம், நீரிழிவு, புகை, மது, தனிமை ஆகியன அப்பட்டியலில் உண்டு. கல்லூரிப் படிப்பு இல்லாத முதியோரிடம் வலைகளின் பிரிவு விரைவாகத் தேய்கிறது என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும் கூறிற்று. படிப்பு ஒரு மந்திரம் என்று நாம் சொல்லவில்லை. படித்தவனுக்கு நல்ல உணவும் நல்ல வேலையும் நல்ல மருத்துவமும் கிடைக்கின்றன, அவையும் சேர்ந்தே காக்கின்றன. அதனால் வாதம் வலுக்கிறதே தவிர மெலியவில்லை. ஒரு சிறுமியின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியவர்கள், அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவள் மூளைக்குத் தேவைப்படும் துணையையும் சேர்த்தே பிடுங்கினார்கள். நம் பாட்டியார் பள்ளி வாயிலை மிதித்ததில்லை. அது விதி செய்ததன்று, மனிதர் செய்தது.

மூன்றாவதாக ஒரு குறை. அது படத்தின்மீது அன்று, நம் மொழி வழக்கின்மீது. 'முதுமை மறதி' என்கிறோம். முதுமைதான் மறதிக்குக் காரணம் என்று அந்தப் பெயரே பொய்ச் சான்று சொல்கிறது. வயதானால் இப்படித்தான் என்று கைகழுவ அது வழி செய்கிறது. நைந்த தட்டியும் பழுதான சந்திப்பும் ஒன்றல்ல. மறதி நோய் என்று சொல்வோம். நோய் என்றால் மருத்துவரிடம் போகவேண்டும் என்ற எண்ணமாவது எழும். முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. தொடக்க நிலையில் வேகத்தைச் சிறிது தணிக்கும் மருந்துகள் அண்மையில் வந்துள்ளன. அவை எல்லோர்க்கும் ஏற்றவை அல்ல. ஆனால் மறதிபோல் தோன்றும் தைராய்டு குறைபாடும், உயிர்ச்சத்துக் குறைபாடும், மனச்சோர்வும் கண்டறிந்தால் தீர்க்கக் கூடியவை. தாயத்து கட்டும் நாளில் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகிறது.

இளைஞர்களே! உங்கள் தெருவிலும் ஒரு திண்ணை இருக்கும். அதில் ஒரு முதியவர், "சோறு போடவில்லை" என்று சொல்லக்கூடும். உண்மையிலேயே பட்டினி போடும் வீடுகளும் உண்டு, ஆகவே விசாரியுங்கள். விசாரிக்குமுன் தீர்ப்புக் கூறாதீர்கள். அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; ஒரு மாலை நேரம் அவருக்கு ஓய்வு கிடைக்க வழி செய்யுங்கள். மேடையில் பேசும் பகுத்தறிவுக்குத் திண்ணையில் வைக்கப்படும் தேர்வு அது. நாம் அந்தத் தேர்வில் பதினைந்து வயதில் தோற்றவர்கள், அதனால்தான் சொல்கிறோம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, வலை, சந்திப்பு, பாதை என்று நமக்குத் தெரிந்தவரையில் தாயாரிடம் எடுத்துச் சொன்னோம். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். எல்லாம் கேட்டு முடித்து ஒன்றே ஒன்று வினவினார்:

"அப்படின்னா, அவங்க என்மேல வெறுப்புல சொல்லலையா?"

"இல்லையம்மா."

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினார்.